கேட்கிற காது

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
1974 பிப்ரவரி, ஞாயிறு

அன்புத் தம்பி கஸ்பாருக்கு,

அக்காள் மரியசெல்வி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மகள் ஆக்னஸும் சுகம். உன் தோணியும் தோணியில் உள்ளவர்களும் அதுபோல இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்லுகிறேன். கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதிப் போட உனக்குக் கை வலிக்குமோ? கடைக்கு உப்பு வாங்கப் போன இடத்தில் எஸ்றா அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. தோணியில் ஏழெட்டு ஆளை அதட்டி மேய்க்கிற தண்டலுக்கு ஒரு கார்டு வாங்க நேரம் இல்லையாக்கும்.

குழாயில் தண்ணீர் வருகிறதும் தெரியவில்லை, நிற்கிறதும் தெரியவில்லை. புது ஹார்பருக்குக் கல் ஏற்றிப் போகிற லாரியால் தெருவெல்லாம் புழுதி. குசினிக் கூரையில் ஓடு விரிசல் விட்டுக் கிடக்கிறது. கொச்சியில் இருந்து ஓட்டுச் சரக்கு ஏற்றி வருகிறவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஊர் சிரிக்கும். வரும்போது நாலு ஓடு எடுத்துப் போடு.

இனி எழுதப் போவதைப் பொறுமையாகப் படி. பாதியில் மடித்து இடுப்பில் செருகிவிடாதே. உன் மகளைப் பற்றிய சங்கதி.

பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற வீட்டார் எல்லாரும் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் ஹாலுக்கு வர வேண்டும், பிள்ளை வளர்ப்பு பற்றி டீச்சர் பேசுவார் என்று பங்குச் சாமியார் பூசையில் சொல்லிவிட்டார். டீச்சர் பெயர் பேச்சித்தாய். மாப்பிள்ளையூரணியில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை. என் தோளுக்குக்கூட வர மாட்டாள். நம்ம தெருப் பெண்டுகள் வாயைக் கேட்கணுமா? பெறாதவள் வந்து பெற்றவளுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தாராளாம் என்று ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் பெறாதவள்தானே. பெற்றவள் ரோசலின் கண்ணை மூடின நாளில் இருந்து உன் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் நான். அந்த ஒரு சொல்லுக்காகவே முன் வரிசையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

எங்களைத் தரையில் உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை பெஞ்சு மேல் ஏறி நின்றது. கையில் அடிக்கிற விளார் ஒன்று. இது என்ன கூத்து என்று பார்த்தால், அதுவரை சத்தமே எழும்பாத குரல், ஏளா, காலை மடக்கு, எத்தனை தடவை சொல்ல, தோலை உரிச்சுப்புடுவேன் என்று என்னைப் பார்த்துக் கத்தியது. தம்பி, எனக்கு வேர்த்துவிட்டது! நடிப்பு என்று தெரியும். ஆனாலும் அண்ணாந்து பார்க்க அவள் தலை மச்சில் இடிக்கிற மாதிரி இருந்தது. நான் பட்டென்று காலை மடக்கிக்கொண்டேன். பிறகு அவள் விளாரைக் கீழே போட்டாள். இறங்கி வந்து என் எதிரில் குத்தவைத்து, அக்கா, காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க, பின்னால உள்ளவங்களுக்கு இடம் வேணும் என்றாள். அதே கால்தான், அதே மடக்குதல்தான். நம்ம பிள்ளைகளுக்கு நாம எப்பவும் பெஞ்சு மேலதான் நிக்கோம் என்றாள். இத்தனை வயசுக்கு இது எனக்குத் தோன்றவே இல்லையே!

ஆனால் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது, பாத்துக்க. ஆக்னஸ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள், என் வாய் பழக்கத்தில், தோணி வரட்டும் என்றது.

நம் தெருவில் எந்த வீட்டிலும் இதே சொல்தான். அப்பன் வரட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவாய் என்று அர்த்தம். நம் அம்மாவும் நமக்கு இதைத்தான் சொன்னாள். நீயும் அதை ஒரு முறையாகவே வைத்துவிட்டாய். வீட்டுக்குள் கால் வைத்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், என்ன சேட்டை பண்ணினா சொல்லு என்றுதான் என்னிடம் கேட்பாய். இறக்கின சரக்கில் உடைந்தது எது, நனைந்தது எது என்று குடோனில் விசாரிப்பார்களே, அப்படி. நான் சொல்லச் சொல்ல நீ கயிற்று நுனியைக் கையில் சுற்றுவாய்.

கூட்டம் நடந்து ஐந்தாம் நாள், போன வியாழக்கிழமை, தெருப் பிள்ளைகள் கஸ்பார் தண்டல் தோணி வந்துட்டு, முயல்தீவு தாண்டி பாய் தெரியுது என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். நானும் உலையை இறக்கிவிட்டு, உனக்கு நெத்திலி பொரிக்க எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன். வந்தது உன் தோணி இல்லை. உன்னுடையதைப் போலவே ஒட்டுப் போட்ட பாய் உள்ள வேறு ஒருத்தர் தோணி. அது தெரிந்து திரும்பிப் பார்த்தால் ஆக்னஸைக் காணோம்.

கிணறு பார்த்தோம், கோயில் பார்த்தோம், உப்புக் குடோன் பின்னால் பார்த்தோம். பொழுது சாயப் போகிற நேரம், கரையில் தார்க் கீல் பூசக் கவிழ்த்துப் போட்டிருக்கிற வள்ளத்துக்கு அடியில் பாவாடை நுனி தெரிகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். ஓடினேன். ஆம்பளைகள் வள்ளத்தைப் புரட்டிப் பிள்ளையை இழுத்துவிடலாம் என்று கை வைத்தார்கள். என் கையில் பனைமட்டை இருந்தது. எங்கே எடுத்தேன் என்று நினைவில்லை.

அப்போதுதான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சித்தாய் டீச்சர் கூட்டத்தைப் பார்த்து வந்தாள். பையைக் கீழே வைத்தாள். வெளுத்த சேலையோடு அந்தக் கீலும் மீன் செதிலும் கிடக்கிற மணலில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வள்ளத்துக்கு அடியில் பார்த்தாள். வெளியே வா என்று சொல்லவே இல்லை, தம்பி. ஆக்னஸ், நானும் இங்கனயே கெடக்கேன், உனக்கு எப்ப வரத் தோணுதோ அப்ப வா என்றாள். அவ்வளவுதான். பஸ் போய்விட்டது, அவள் அசையவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, அக்கா, நீங்களும் வாங்க என்றாள். என் உடம்புக்கு நான் மணலில் குப்புறப் படுக்கவா? படுத்தேன். ஊரே சிரித்தது, சிரிக்கட்டும். அந்த இருட்டுக்குள் உன் பிள்ளையின் இரண்டு கண் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மெள்ளக் கேட்டாள். அத்தை, அப்பா போயாச்சா என்று.

கஸ்பாரு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் அப்பன் வருகிறான் என்று கரைக்கு ஓடின நாள் அது.

நான் பனைமட்டையைக் கடலில் எறிந்துவிட்டேன். அவள் தானாக ஊர்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒருத்தரும் இழுக்காமல், ஒருத்தரும் மிரட்டாமல் வந்தாள். மாதாவே, இது என்ன என்று நான் திகைத்துப் போனேன். இன்னும் அந்தத் திகைப்பு போகவில்லை.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்காள்,
மரியசெல்வி


பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
1974 மார்ச்

தம்பி கஸ்பாருக்கு,

உன் கடிதம் வந்தது. சுகம் என்று எழுதியதில் சந்தோசம். மற்றது எதிலும் சந்தோசம் இல்லை. அந்த டீச்சர் பிள்ளையைக் கெடுக்கிறாளாம், எனக்குக் கூறு கெட்டுவிட்டதாம், நீ வந்தால் இரண்டே நாளில் திருத்திவிடுவாயாம், திருந்தாவிட்டால் ஜூனில் போர்டிங்கில் தள்ளிவிட வேண்டுமாம். ஏலே, யாரிடம் பேசுகிறோம் என்று நினைத்து எழுதினாய்? உன் தோணி ஆட்களிடம் வைத்துக்கொள் அதை. வருகிற ஜூனில்தான் அவள் ஒண்ணாம் வகுப்புக்கே போகிறாள். ராத்திரி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காத பிள்ளை அது. அவளைக் கொண்டுபோய் விட்டால் நான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அடிக்காதே என்றால் செல்லம் கொடு என்று அர்த்தம் எடுத்துக்கொண்டாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். அவள், அக்கா, பிள்ளை தப்புப் பண்ணினா அன்னிக்குள்ளதை அன்னிக்கே முடிச்சிருங்க, என்ன தப்புன்னு சொல்லுங்க, அதைச் சரி பண்ண அவளையே விடுங்க, சேர்த்துச் சேர்த்து வைக்காதீங்க என்றாள். இது பெரிய வித்தையா என்று கேட்டுவிட்டு வந்தேன். செய்து பார்த்தால்தான் தெரிகிறது. ஆக்னஸ் குடிதண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துப் பொம்மையைக் குளிப்பாட்டினாள். இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில்! என் கை தன்னாலே எழுந்தது. அதை இழுத்துப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். சின்னச் செம்பை அவள் கையில் கொடுத்து, வா, நாம போய் எடுத்துட்டு வருவோம் என்று அடிபம்புக்குக் கூட்டிப் போனேன். வெயிலில் வரிசையில் நின்றாள். அடித்தாள், தூக்கினாள், பாதி சிந்தினாள். வீட்டுக்கு வந்து, அத்தை, தண்ணி கனமா இருக்கு என்றாள். மறுநாள் பொம்மையைத் துணியால் துடைத்தாள். ஒரு அடி இல்லை, ஒரு வசவு இல்லை. நான் இதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் கை துடிக்கிறது.

உன் கல்யாணப் படம், மேசை மேல் இருக்குமே, அதை எடுத்துப் போய்ப் பொம்மைக்கு இதுதான் எங்க அம்மா என்று காட்டியிருக்கிறாள். கை தவறி விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன், எனக்குச் சத்தமே கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். முன்னால் என்றால் பூனை தட்டிவிட்டது என்பாள், படத்தைக் கட்டிலுக்கு அடியில் சொருகியிருப்பாள். இப்போது அவளாக என் முன்னால் வந்து நின்றாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. அத்தை, அம்மா படத்தை நான்தான் உடைச்சேன் என்றாள்.

தம்பி, நான் அப்படியே ஈரக் கையோடு உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி போனது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு தைரியம் எங்கே இருந்தது? நாலு தெரு ஆம்பளைகளில் எவனாவது தான் செய்ததை இப்படி வந்து சொல்லுவானா? கோயிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது தலை தானாகக் குனியுமே, எனக்கு என் பிள்ளை முன்னால் அப்படிக் குனிந்தது. கண்ணாடிச் சில்லை எல்லாம் நான் பொறுக்கினேன், அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டாள். ரோசலின் படத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. முடிந்ததும், இதை அப்பாகிட்டச் சொல்லணுமா என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லுதேன் என்றாள்.

நாம அடி வாங்கி வளரலையா, கெட்டா போயிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். நீ கெட்டுப் போகவில்லை, ராசா. ஊரில் உன்னைப் போல ஒரு தண்டல் இல்லை. ஆனால் உன் இடது பக்கம் நின்று யார் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது, நீ திரும்ப மாட்டாய். அது எந்தத் திருவிழா அன்றைக்கு, யார் கை பட்டு ஆனது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றுவரை நாம் இரண்டு பேரும் அதைப் பேசினது கிடையாது. இப்போதும் வேண்டாம். அப்பா ஏன் தலையைச் சாய்ச்சுக் கேக்காரு என்று ஆக்னஸ் கேட்டாள். கடல் காத்து அடைச்சிருச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபத்தில் எழுதின இடத்தை மன்னித்துக்கொள். சாப்பாட்டில் அசட்டையாய் இராதே. மாதா துணை உன்னோடு.

இப்படிக்கு,
மரியசெல்வி


பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
1974 மே, வெள்ளி

அன்பான தம்பிக்கு,

கொச்சிக்கு லாரியில் போகிற கிருபாநிதியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ பாய் விரிக்கும் முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் கார்டு கிடைத்தது. இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன், மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் என்று ஒரு வரி. படக் கண்ணாடி அளவு என்ன என்று ஒரு வரி. வேறு ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் படித்தேன். கோபத்தில் கேட்டாயா, வேறு எதற்குக் கேட்டாயா, எனக்கு விளங்கவில்லை. நூலால் அளந்து, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அகலத்து நூலில் முடிச்சுப் போட்டிருக்கிறது.

நீ வருகிறாய் என்று சொன்ன அன்றைக்கு ராத்திரி ஆக்னஸ் படுக்கிற பாயை நனைத்துவிட்டாள். நான் வையாமல் அலசிக் காயப்போட்டேன். மறுநாள் பார்த்தால் வாசல் தூணுக்கு முன்னால் நின்று, அண்ணாந்து, என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னளா என்றேன். அப்பாகிட்டக் கண்ணாடி சங்கதியைச் சொல்லிப் பழகுதேன் என்றாள். தூண்தான் அப்பாவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்பாவா நிக்கேன், என்கிட்டச் சொல்லு என்று எழுந்து நின்றேன். அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு சொல் வெளியே வரவில்லை, கஸ்பாரு. பிறகு எனக்கு அந்த பெஞ்சு நினைவு வந்தது. குத்தவைத்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்! உட்கார்ந்தது மட்டும்தான் நான் செய்தது. இது எப்படி என்று இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

கரைக்கு வருவாயா என்று கேட்டேன். அப்பா இறங்கினதும் முதல்ல என்ன கேப்பாரு என்று அவள் என்னைக் கேட்டாள். சாப்பிட்டியாளா என்று கேட்பார் என்று சொல்லிவிட்டேன். அப்படின்னா வாரேன் என்றாள். உன்னைக் கேட்காமல் உன் வாயில் ஒரு வார்த்தையை வைத்துவிட்டேன். அது பொய்யாகிவிட்டால் இனி அவள் என்னையும் நம்ப மாட்டாள். அந்த வள்ளம் கீல் பூசிக் கடலுக்குப் போய்விட்டது, ஆனால் கரையில் வேறு வள்ளங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன.

கண்ணாடி உடைந்தது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவளே சொல்லட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லட்டும். போர்டிங் பேச்சை நீ அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எடு. அப்போதும் எடுக்க மனசு வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், இது மாதா மேல் சத்தியம்.

பேச்சித்தாய் டீச்சரும் அன்றைக்குக் கரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாவம், அந்தச் சேலையில் பட்ட கீல் போகவே இல்லை. அவளுக்கு ஒரு சேலை வாங்கி வா. நிறம் நீயே பார்த்து எடு, உனக்குத் தெரியாதென்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எடு.

நல்ல காற்றும் நல்ல நீரோட்டமும் உனக்குக் கிடைக்கட்டும். கடலின் நட்சத்திரமான ஸ்டெல்லா மாரீஸ் தாய் உன் பாயைப் பிடித்துக்கொண்டு வரட்டும். இறங்கும்போது உன் கையில் கயிறு வேண்டாம், தம்பி. ஓடு இருக்கட்டும், கண்ணாடி இருக்கட்டும், எல்லாவற்றையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். முதலில் மணலில் குத்தவைத்து உட்கார். சாப்பிட்டியாளா என்று கேள். பிறகு கேட்கிற காதை அவள் பக்கம் கொடு. அவள் சின்னப் பிள்ளை, எந்தப் பக்கம் வந்து நிற்பாள் என்று சொல்ல முடியாது. இடது பக்கம் வந்து நின்றால் நீ திரும்பிக்கொள், ராசா.

உன் வரவை எதிர்பார்த்து, ஆசீரோடு,
அக்காள் மரியசெல்வி